அவர் பாடியதும் புத்தகத்தில் வந்ததும்

எண்பதுகளின் நடுவில் பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சட்டி தேய்த்தவர் மாலி நாட்டுக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பரம்பரையாக அரசர் கதை பாடும் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சு சரளமாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. நான் வாசிப்பேன், பேச்சுத்தான் தடுமாறும்.

ஒரு நாள் ஒரு நாவலைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டச் சொன்னார். அவருடைய நாட்டு எழுத்தாளர் ஒருவர் முன்பு அவர் அறைக்கு வந்து, அவர் பாடியதை ஒலிநாடாவில் பதிந்து போயிருந்தார். அதை வைத்து எழுதிய நாவல் அது.

மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையில் படிக்கட்டில் இருந்து வாசித்தேன். பல இடங்களில் அடுத்து வருவதை எனக்கு முன்பே அவர் சொன்னார். சாகக் கிடக்கும் அரசன் தன் வீரர்களிடம் தேசத்தைக் காப்பாற்றச் சொல்லும் இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். திரும்பவும் வாசித்தேன். தான் அப்படிப் பாடவில்லை என்றார். அவர் பாட்டில் அரசன், வீட்டுக்குப் போய் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பாருங்கள் என்று மட்டும்தான் சொல்வான்.

அந்த எழுத்தாளர் ஒரு புத்தகக் கடைக்கு வந்தபோது இவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முப்பது பேர் இருந்திருப்பார்கள். எழுத்தாளர் அதே இடத்தைத்தான் வாசித்தார். வாசித்து முடிந்ததும் இவர் எழும்பி நின்று, ஒரு விளக்கமும் சொல்லாமல், அதே இடத்தைத் தன் மொழியில் பாடத் தொடங்கினார். ஒவ்வோர் அடி முடிவிலும் முன்வரிசைப் பெண் ஒருத்தியும் பின்னால் இருந்த முதியவர் ஒருவரும் பதில் பாடினார்கள்.

எழுத்தாளர் கோபிக்கவில்லை. அவர்கள் பேசியது பிரெஞ்சில். எனக்கு எங்கள் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

"எங்கட நாட்டுக்கு இன்னும் முப்பது வயசும் ஆகேல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு ஒரு கதை வேணும்" என்றார் எழுத்தாளர்.

இவர் பதில் பாடிய இருவரிடமும் ஊரைக் கேட்டார். பெண் கினி நாட்டுக்காரி, முதியவர் செனகல் நாட்டுக்காரர்; இருவருமே மாலிக்காரர் இல்லை.

"அப்ப இவையை எங்கை விடப்போறியள்?" என்று எழுத்தாளரிடம் கேட்டார்.

எழுத்தாளர் தெரியவில்லை என்றார். பிறகு புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், இவரும் வாங்கிக்கொண்டார். மிச்ச அத்தியாயங்களை அந்தக் குளிர்காலம் முழுவதும் வாசித்து முடித்தோம். கதை நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார்.

அந்த நாட்களில் நானும் எங்கள் ஆட்கள் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகைக்கு யாழ்ப்பாணத்து அரசன் ஒருவனைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். என் அரசனும் சாகும்போது தேசத்தைக் காப்பாற்றுங்கள் என்றே சொன்னான். அந்த வரியை எடுத்துவிடலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன், எடுக்கவில்லை. சஞ்சிகையைப் பார்த்துக்கொண்ட அண்ணை அதையே பெரிய எழுத்தில் முன்னட்டையில் போட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.