கதிரைக்காசு

1998ஆம் ஆண்டு, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அருந்ததிக்கு எரிச்சலூட்ட ஒரு பிளாஸ்டிக் கதிரை போதுமாயிருந்தது.

கதிரை அவளுடைய தொலைபேசிக் கடையில் இருந்தது. கடை என்றால் ஒரு வீட்டின் முன்னறை. பலகையும் கண்ணாடியும் வைத்து அடைத்த இரண்டு கூண்டுகள், இரண்டு போன்கள், சுவரில் நாடு வாரியாக நிமிடக் கட்டணம். லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்திருப்பவர்களும் வீட்டு வேலைக்கு வந்த மலையகப் பெண்களும்தான் வாடிக்கையாளர். வருவார்கள். லண்டனுக்கோ துபாய்க்கோ ஒரே ஒரு நிமிடம் எடுத்து, “நான் இஞ்சதான் நிக்கிறன், எடு” என்று வைத்துவிடுவார்கள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வரும். கதிரையில் சாய்ந்து ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். ஒரு நிமிடத்துக்குக் காசு. அறுபது நிமிடத்துக்குக் கூண்டு. வெளியே காசோடு நிற்கிறவர், நின்று பார்த்துவிட்டு எதிரே றவூப்பின் போன் கடைக்குப் போய்விடுவார்.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருஷம் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்தவள் அருந்ததி. தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து வந்தவள். ஒன்றைச் செய்வதற்காகக் கைவிட்ட மற்றதன் பெறுமதிதான் அமையச்செலவு என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பாள்! வெங்காயம் நட்ட காணியில் புகையிலை நட முடியாது என்று உதாரணமும் சொல்லியிருப்பாள். இப்போது அந்த அமையச்செலவு கதிரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “அங்க சினோ கொட்டுதோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் வீட்டுக்காரர் சிவானந்தன் மேல்மாடியிலிருந்து இறங்கிவந்து, வருகிற முதலாம் திகதியிலிருந்து வாடகை ஆறாயிரம் இல்லை, எட்டாயிரம் என்றார்.

“ஒரேயடியா ரெண்டாயிரமோ அண்ணை?”

“உங்களுக்கு நான் சொல்லவேணுமே, ரீச்சர்? கேள்வி கூடினா விலை கூடும். வெள்ளவத்தையில இப்ப ஒரு கோழிக்கூடு காலியெண்டாலும் ஆள் நிக்குது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிற ஒரு ஏஜென்சிக்காரர் எட்டாயிரம் தாறனெண்டு நிக்கிறார்.”

அவள் படிப்பித்த பாடத்தை அவளுக்கே திருப்பிச் சொன்ன கையோடு அவர் முதலாம் கூண்டுக்குள் போய் இருந்தார். பின்னேரம் ஆறரை மணி. லண்டனில் மகனுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். மகன் வேலைத்தலத்துப் போனில் இலவசமாகக் கதைப்பான். அந்தக் கூண்டுப் போன் சிவானந்தன் வீட்டு லைன்தான். முன்னறையோடு சேர்த்து அவளுக்கு வாடகைக்கு விட்டது. மேலே புது லைன் எடுக்கலாம். கட்ட வேண்டிய தொகையைக் கேட்டதும் அவருக்கு மனம் வரவில்லை. கிழமை நாள் தவறாமல், கடையில் சனம் நெருக்கும் அந்த நேரம் பார்த்து முக்கால் மணித்தியாலம் இருப்பார்.

கிடைக்கிற லாபத்தில் மேலதிகமாக இரண்டாயிரம் எடுக்க வழியில்லை. எடுக்காவிட்டால் கடை இல்லை. கொச்சிக்கடையில் கணக்கெழுதும் கணவனின் சம்பளம் வீட்டோடு சரி. பிள்ளைகளின் பள்ளிச் செலவு இந்தக் கடையில்தான் ஓடியது. அடுத்தநாள் அருந்ததி கூண்டில் ஓர் அட்டை ஒட்டினாள்: வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஐந்து ரூபாய்.

“வாற கோலுக்கும் காசோ? இதென்ன கண்டறியாத புதுமை!” என்று ஒருவர் கத்தினார். “அங்காலப் பக்கம் அவன் காசு கட்டிறான், உங்களுக்கு என்ன நட்டம்?”

“கதிரை நட்டம்” என்றாள் அருந்ததி.

சிவானந்தனிடம் மட்டும் கேட்கவில்லை. வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது? அதுதான் அவள் விட்ட பிழை.

ஒரு கிழமைக்குள் சனம் வழி கண்டுபிடித்துவிட்டது. ஞாயிறு காலை பத்து மணிக்குப் பழனியம்மா வந்தாள். பாமன்கடையில் ஒரு வீட்டில் சமைப்பவள், மகள் துபாயில். ரிசீவரைக் காதில் வைத்து, விரல் மடக்கி எண்ணினாள். ஒன்று, இரண்டு. வைத்துவிட்டாள்.

“எடுக்கலைங்க டீச்சரம்மா.”

“எடுக்கேல்லையோ, எடுக்க முதல் வைச்சிட்டீங்களோ?”

“எடுக்காத போனுக்கு ஏதுங்க காசு?” என்று சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்துச் செருகினாள். நேரே ஒழுங்கையைக் கடந்து றவூப்பின் கடைக்குள் போய் இருந்தாள். பத்து நிமிடத்தில் அங்கே போன் அடித்தது.

அருந்ததிக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. எடுபடாத அழைப்புக்கு றவூப் இரண்டு ரூபாய் வாங்குவார். வரும் அழைப்பு அவரிடம் இலவசம். அவளிடம் வரும் அழைப்புக்குக் காசு, எடுபடாததற்கு இல்லை. ஆகவே ‘எதிர்க்கடை நம்பருக்கு எடு’ என்று இரண்டு தரம் மணி அடித்துச் சாடை காட்டுவது இவள் செலவில், இருந்து கதைப்பது அவர் செலவில். இரண்டு கடையிலும் சனம். இரண்டு கடையிலும் காசில்லை.

அந்த மாதத்துத் தொலைபேசி பில்லும் வந்தது. பாதுகாப்பு வரி போதாதென்று அந்த வருஷம் புதிதாக வந்த பொருள் சேவை வரியும் அடியில் ஏறியிருந்தது. சண்டைக்குக் காசு வேண்டும். அதை அரசாங்கம் கம்பனியிடம் கேட்டது. கம்பனி அவளிடம் கேட்டது. அவள் யாரிடம் கேட்பது? போகும் அழைப்புக்கு நிமிடத்துக்கு மூன்று ரூபாய் கூட்டிப் பார்த்தாள். “எதிர்ப்பக்கம் பழைய ரேட்தானே” என்றார்கள். அடுத்தநாளே குறைத்துவிட்டாள். பக்கத்தில் அதே சாமான் பழைய விலைக்குக் கிடைத்தால் வரி விற்கிறவன் தலையில்தான் விடியும் என்று பரீட்சைக்கு விடை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். முழுப் புள்ளி விடை. அதை வைத்துப் பில் கட்ட முடியுமா?

செவ்வாய்க்கிழமை றவூப்பே ஒழுங்கையைத் தாண்டி வந்தார். முகம் சிவந்திருந்தது.

“டீச்சர், இது என்ன அநியாயம்? ஒங்கட கடேல ரிங் குடுத்திட்டு என்ட கடேல வந்து குந்துறாங்க. மூணு போனும் அவங்கட பேச்சுத்தான். காசு தாற மனுசன் நிண்டு பாத்திட்டுப் போறான்.”

“எனக்கு மட்டும் சந்தோஷமோ, றவூப்?”

“அப்ப செல்லுங்க, என்ன செய்வம்?”

“கதிரைக்குக் காசு வாங்குவம். போன் அடிச்சாலென்ன, அடிக்காட்டியென்ன. கூண்டுக்குள்ள போனா அஞ்சு நிமிஷத்துக்குப் பத்து ரூபா. ரெண்டு கடையிலயும் ஒரே மாதிரி.”

றவூப் தாடியைத் தடவினார். “சரி. ஆனா ஒரு ஆளுக்கும் ஃபிரீ இல்ல. ஒங்கட வீட்டுக்காரருக்கும் இல்ல. அவரு சும்மா குந்துறத சனம் காணுது டீச்சர். எனக்கிட்ட வந்து அதத்தான் செல்லுறாங்க.”

அருந்ததி தன் கடையின் மேல்மாடியை ஒருதரம் பார்த்தாள். “சரி” என்றாள்.

புதன்கிழமை ஆறரைக்குச் சிவானந்தன் இறங்கி வந்தபோது கூண்டுக் கதவில் புது அட்டை இருந்தது. வாசித்துவிட்டு உள்ளே போனார். முக்கால் மணித்தியாலம் கழித்து வெளியே வந்தவரின் முன்னால் அவள் துண்டை நீட்டினாள். தொண்ணூறு ரூபாய்.

“என்ன ரீச்சர் இது? என்ர லைன், என்ர வீடு!”

“லைனும் அறையும் நீங்கள் வாடகைக்குத் தந்தது அண்ணை. கதிரை நான் வாங்கினது.”

“பகிடியோ?”

“கணக்கு. மாதம் இருபத்திரண்டு நாள் வாறீங்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது. நீங்கள் கூட்டின வாடகை ரெண்டாயிரம். வித்தியாசம் இருபது ரூபா. அதை நான் தாறன்.”

வரிசையில் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார். சிவானந்தனின் காது சிவந்தது. “அப்ப ஏஜென்சிக்காரருக்கே குடுக்கிறன்.”

“குடுங்கோ. எட்டாயிரம் தருவார். ஆனா லைனும் கேப்பார். உங்களைக் கதிரையில இருக்க விடுவாரோ எண்டு மட்டும் முதல் கேட்டுக்கொண்டு வாங்கோ.”

அவர் ஒழுங்கையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார். அவள் எட்டிப் பார்த்தாள். இப்படி இருவர் கூடிப் பேசி வைத்த விலையை ஒருவர் களவாக உடைப்பதில்தான் அவள் வகுப்பில் படிப்பித்த பாடம் முடியும். றவூப் ஏதோ சொன்னார். விரல்களை விரித்துப் பத்துக் காட்டினார். சிவானந்தன் திரும்பி வந்தார். மேசையில் ஐம்பதும் இரண்டு இருபதும் வைத்தார். படியேறினார்.

மூன்று நாள் கீழே வரவில்லை. நாலாம் நாள் படியில் நின்றபடியே, “வாடகை பழையபடி இருக்கட்டும்” என்றார். “ஏஜென்சிக்காரன் சரிவராத ஆள்.”

இப்போது வெள்ளிக்கிழமையில் மட்டும் காசு கொடுத்து இருக்கிறார். மற்ற நாட்களில் சரியாக ஆறரைக்கு முதலாம் கூண்டுப் போன் இரண்டு தரம் அடித்து நிற்கும். மேலே தரையில் யாரோ, கேட்டது என்பதுபோல், குதிக்காலால் இரண்டு தரம் தட்டுவார்கள். மகன் சுகம், தகப்பனும் சுகம்.

ஒரு சதம் வராது. அந்த நேரம் பார்த்துக் கூண்டுக்குள் போன் எடுக்கப் போகிறவர், “ரீச்சர், இது அடிக்குது!” என்று கத்துவார்.

“விடுங்கோ,” என்பாள் அருந்ததி, தலை நிமிராமல். “தன்பாட்டில நிக்கும்.”