வாளியா, இடியப்ப உரலா

ஆரோக்கியமேரி தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் வாக்குச்சாவடி வாசலை மிதித்திருந்தாள். அன்றைக்கும் வாக்குப் போடாமலே திரும்பினாள்.

மன்னார்ப் பக்கத்துக் கடலோரக் கிராமம் அவளுடையது. வாக்குப் போடும் வயது வந்ததும், பெருநாளுக்கு எடுத்த சேலையைக் கட்டி, பூப்போட்ட குடையையும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து வரிசையில் போய் நின்றாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பிள்ளை, உன்ர வாக்கு காலமையே போட்டாச்சு" என்றார். யாரோ அவள் பேரைச் சொல்லிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாக்குப்பெட்டி வரவில்லை, சண்டைதான் வந்தது. கடைசியில் படகேறி, மண்டபத்தில் கரையிறங்கி, கும்மிடிப்பூண்டி முகாமுக்கு வந்து சேர்ந்தாள்.

இங்கே எலெக்சன் என்றால் திருவிழா. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போவார்கள், சுவரெல்லாம் சின்னம் முளைக்கும். அந்தச் சின்னங்களில் பாதியை எழுதுவது முகாம் ஆண்கள்தான். பெயின்ட் வேலைதான் அவர்களுக்குச் சோறு. சின்னம் எழுதலாம், கொடி கட்டலாம், பிரியாணிப் பொட்டலம்கூடக் கிடைக்கும். வாக்கு மட்டும் கிடையாது. அகதிக்கு ஏது வாக்கு?

மேரி விடிவதற்குள் சிவப்பரிசி மாவில் இடியப்பம் பிழிந்து, கூடையில் அடுக்கி, பஜார் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பழவேற்காட்டிலிருந்து வந்து பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த ரஷீதா வீட்டுக்கு அவள் இடியப்பம் இல்லாமல் நாஷ்டா இறங்காது.

"மேரிக்கா, ஓட்டு கேட்டு வந்து வந்து எங்களப் பேஜாரு பண்றாங்க. நீ இன்னாத்துக்கு அதுக்குப் போய் ஏங்கினுகீற?" என்று ரஷீதா கேட்பாள்.

"ஒவ்வொரு நேரமும் சாப்பிடுற ஆளுக்குப் பசி தெரியாது ரஷீதா" என்பாள் மேரி.

2007ஆம் வருடம் அது. கடலுக்கு அந்தப் பக்கம் ஓய்ந்திருந்த சண்டை மறுபடி மூண்டிருந்தது. முகாமில் ஒவ்வொரு ரேடியோவைச் சுற்றியும் ஒரு கூட்டம் நிற்கும். முகாமின் தலைவர் சின்னராசா. அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வந்து இறங்கிய அன்று எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொல்லிச் சத்தம் போட்டவர் அவர்தான். அன்றைக்கு நின்ற வரிசை அப்படியே நிலைத்துவிட்டது. நல்ல மனிதர், ஆஸ்பத்திரி என்றால் முதல் ஆளாக ஓடுவார். ஆனால் தண்ணீர்க் குழாயின் வால்வுச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். முதலில் தண்ணீர் வருவது அவருடைய வரிசைக்கு. கடைசி வரிசைக்கு வருவது பெரும்பாலும் காற்று. மேரி கடைசி வரிசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடிக் கூட்டத்தில் அவள் எழுந்தாள். "தலைவரை நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்ய வேணும்."

சின்னராசா துண்டை உதறித் தோளில் போட்டார். "அங்க குண்டு விழுகுது. சனம் பதுங்குகுழிக்குள்ள கிடக்குது. இந்த நேரத்தில எலெக்சன் கேக்குதோ உங்களுக்கு? நாங்கள் ஒண்டா நிக்கவேண்டிய நேரம் இது. சண்டை முடியட்டும், பிறகு பாப்பம்."

நிறையத் தலைகள் ஆடின. அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மேரி உட்காரவில்லை.

"அண்ணை, சண்டை முடியட்டும் எண்டுதான் அங்கயும் சொன்னவங்கள். எனக்கு நாப்பத்தஞ்சு வயசாச்சு. சண்டைக்கு மட்டும் வயசு போகேல்லை. சண்டை நேரம் எண்டு ஆராவது சமைக்காம இருக்கிறமோ? போன மாசம் உங்கட மகளின்ர கலியாணத்தை மேளம் கட்டித்தானே செய்தனீங்கள்? நானும் வந்து வயிறு முட்டச் சாப்பிட்டனான்."

கூட்டம் சிரித்தது. சின்னராசாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, வைப்பம். ஆனா என்னை எதிர்த்து நிக்க ஒரு ஆள் வேணுமே?"

அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அப்படி அங்கே என்னதான் விழுந்து கிடந்ததோ தெரியாது. வாக்குப் போடத்தான் மேரி ஆசைப்பட்டாள். வாக்குக் கேட்க அவள் நினைத்ததே இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

"அப்ப நானே நிக்கிறன்" என்றாள்.

தேர்தல் அதிகாரியாக வெளியாள் ஒருவர் வேண்டும் என்று பரசுராமனைப் பிடித்தார்கள். தேர்வாய் கண்டிகைக்காரர். முகாம் ஆண்களை சிப்காட் கம்பெனிகளுக்குப் பெயின்ட் அடிக்கக் கூட்டிப்போகும் மேஸ்திரி. சொந்தத்தில் வாக்காளர் அட்டை வைத்திருக்கிறவர் என்பதே அவருக்குப் பெரிய தகுதி. அவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கலெக்டர் தோரணையில் வந்து இறங்கினார்.

மேரியின் சின்னம், அவள் மாப் பிழிகிற இடியப்ப உரல். சின்னராசா வாளியை எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரர். முகாமில் வாளி தூக்காத கை எது? "வாளி இல்லாம விடியுமோ?" என்று அவர் ஆட்கள் கேட்டார்கள். "வாளி இருக்கு, தண்ணி எங்க?" என்று கடைசி வரிசை திருப்பிக் கேட்டது. மேரி வீடு வீடாக இடியப்பமும் சம்பலும் கொடுத்தாள். அது லஞ்சம் என்று புகார் போயிற்று. பரசுராமன் இரண்டு தட்டு சாப்பிட்டுப் பார்த்து, "இது லஞ்சம் இல்ல, நாஷ்டா" என்று தீர்ப்பளித்தார்.

வாக்குப்பெட்டிக்கு அவர் பெரிய பெயின்ட் வாளி ஒன்றைக் கழுவி, மூடியில் கீறல் போட்டுக் கொண்டுவந்தார். கடைசி வரிசைப் பெண்கள் விடவில்லை. "பெட்டியே அவரின்ர சின்னமோ? இது அநியாயம்." ரஷீதா கடையிலிருந்து பேரீச்சம்பழப் பெட்டி ஒன்று வந்த பிறகுதான் கலகம் அடங்கியது.

விரலில் வைக்க மை இல்லை. அதற்கும் பரசுராமனே வழி சொன்னார். "எனாமல் ப்ளூ வெக்கலாம் நைனா. கம்பெனி கேட்டுக்கு அடிக்கிற பெயின்ட்டு. மழைக்கே அசையாது."

அவரும் பெயின்டர், கேட்டவர்களும் பெயின்டர்கள். எனாமல் எதற்கு அசையாது என்பதைத்தான் எல்லோரும் யோசித்தார்கள். எதற்கு அசையும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வாக்குப்பதிவு தொடங்கியது. சேலையால் மறைத்த மூலையில் நின்று, சீட்டில் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டு, மடித்துப் பெட்டிக்குள் போட வேண்டும். முடிந்ததும் பெட்டியைக் கொட்டி எண்ணினார்கள். இடியப்ப உரல் வென்றது. கடைசி வரிசையில் தகர டப்பாக்கள் முழங்கின.

பரசுராமன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வந்த ஆட்களைவிடச் சீட்டு அதிகமாக இருந்தது. மறுபடி எண்ணினார். மறுபடியும் அதிகம். பிறகு மூக்கை உறிஞ்சினார். "இன்னாபா இது, இந்தப் பக்கம் தின்னர் வாசன அடிக்குது?"

பெயின்ட்டைக் கரைத்துக் கழுவுகிற அந்தத் தின்னரின் வாசனை யோகனிடமிருந்து வந்தது. அவரிடம் நெடுநாளாக வேலை செய்கிற பெயின்டர், சின்னராசாவின் மச்சான். பரசுராமன் அவன் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "எங்கிட்ட வேலைக்கு வந்த நாள்லேர்ந்து இந்தக் கைய நான் சுத்தமா பாத்ததே இல்ல. இன்னிக்கு இன்னாடா, கொழந்த கை மாதிரி கீது?"

யோகன் நெளிந்தான். "நான் என்ன செய்ய மேஸ்திரி? மச்சானும் கேட்டவர், மேரியக்காவும் கேட்டவ. ரெண்டு பேருக்கும் ஓமெண்டு சொல்லிட்டன். ஆளுக்கொண்டு போட்டனான். நான் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை."

அவனைப் பார்த்து இன்னும் சில சுத்தமான கைகள் முதுகுக்குப் பின்னால் போயின.

சின்னராசா எழுந்து வந்தார். முகம் வாடியிருந்தாலும் குரல் வாடவில்லை. "விடுங்கோ. மேரி வெண்டதாவே இருக்கட்டும். அங்க ஒரு சண்டை போதும், இங்க இன்னொண்டு வேண்டாம்." இடுப்பிலிருந்த வால்வுச் சாவியைக் கழற்றி நீட்டினார்.

சாவி மேரியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நாளைக் காலையே கடைசி வரிசைக்குத் தண்ணீர் வரும். பின்னால் நின்ற பெண்கள் "வாங்கு மேரி, வாங்கு" என்று முதுகில் குத்தினார்கள். அவள் கண்ணுக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்து மேசை வந்து நின்றது. உன்ர வாக்கு போட்டாச்சு, பிள்ளை.

"வேண்டாம் அண்ணை" என்றாள். "என்ர வாக்கை ஆரோ போட்டிட்டான் எண்டு இத்தனை வருசமாப் புழுங்கிறன். கள்ள வாக்கில வந்த சாவியை இடுப்பில சொருகினா, எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? திரும்ப வைப்பம்."

"திரும்ப வெச்சா தோத்தாலும் தோப்ப, மேரிக்கா" என்றார் பரசுராமன்.

"தோத்தா அது என்ர தோல்வி. இந்த வெற்றி ஆருடையதோ."

முதுகில் குத்திய பெண்கள் இப்போது நிஜமாகவே குத்தினார்கள்.

மறுநாள் இடியப்பக் கூடையோடு விஷயமும் ரஷீதா வீட்டுக்குப் போயிற்று. ரஷீதா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "பெயின்டருக்குப் போய் பெயின்ட்ட வெச்சீங்களா? மருதாணி வெய்யிக்கா. தின்னருல கழுவு, மண்ணெண்ணெயில கழுவு, தோலு உரிஞ்சாதான் அது போவும்."

அடுத்த ஞாயிறு ரஷீதாவே ஒரு பை நிறைய மருதாணிக் கோன்களோடு முகாமுக்கு வந்து உட்கார்ந்தாள். முதலில் விரலில் பொட்டு, அது காய்ந்து, ரஷீதா முன்னாலேயே கழுவி, சிவப்பைக் காட்டினால்தான் சீட்டு; ஏற்கெனவே சிவந்த விரலோடு வந்தால் பொட்டும் கிடையாது, சீட்டும் கிடையாது. காய வேண்டுமே, அதுவரைக்கும் எல்லோரும் வேப்ப நிழலில் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை காலம் ஒரு வரிசைக்காரர் இன்னொரு வரிசைக்காரரோடு இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதே இல்லை. கை வேலையாயிருந்தால் சண்டை பிடிக்கவும் முடியாது. பெண்கள் பொட்டோடு விடாமல் கை நிறையப் பூவும் கொடியும் கேட்டார்கள். சின்னராசா தன் விரலைப் பார்த்து, "என்னைத் திரும்ப மாப்பிள்ளை ஆக்கிப்போட்டீங்கள்" என்றார். அவர் மனைவி, "ஆர் பொம்பிளை எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றாள்.

யோகனை நடுவில் நிறுத்தி, தின்னரைக் கொடுத்து, எல்லோர் முன்னாலும் தேய்க்கச் சொன்னார் பரசுராமன். அவன் மூச்சுவாங்கத் தேய்த்தான். சிவப்பு அப்படியே இருந்தது. அன்றைக்கு வாழ்நாளில் முதல்முறையாக அவனுக்கு ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பாவம், வியர்த்துவிட்டது.

மேரியின் முறை வந்தது. பெருநாள் சேலை கட்டியிருந்தாள். மறைப்புக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. சீட்டில் வாளி இருந்தது, உரல் இருந்தது. பென்சிலைக் கையில் பிடித்தபடி அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரம் என்ன? இந்த முறை அவள் வாக்கை வேறு யாரும் போட்டுவிடவில்லை.

"மேரிக்கா, தூங்கிட்டியா?" என்றார் பரசுராமன்.

"பொறுங்கோ. பாத்துத்தான் போடவேணும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அன்றைக்குச் சீட்டும் ஆளும் சரியாக இருந்தன. வாளி வென்றது, கொஞ்ச வித்தியாசத்தில்தான். கடைசி வரிசை தகர டப்பாக்களைக் கீழே வைத்தது. மேரி மட்டும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்ச் சின்னராசாவுக்கு வாழ்த்துச் சொன்னாள். தோற்றவள் சிரிப்பதைப் பார்த்து வென்றவருக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

"அடுத்த வருசமும் கேப்பியோ?"

"கேப்பன்."

"சண்டை முடியாட்டிலும்?"

"முடிஞ்சாலும் கேப்பன், முடியாட்டிலும் கேப்பன்."

சின்னராசா சாவியை விரலில் சுற்றியபடி வீட்டுக்கு நடந்தார். தன்னை வேண்டாம் என்றவர்கள் எத்தனை பேர் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மறுநாள் விடிகாலையில் வால்வைத் திறந்தவர், முதல் தண்ணீரைக் கடைசி வரிசைப் பக்கம் திருப்பிவிட்டார். குழாய் இருமி, துப்பி, பிறகு ஊற்றியது. பெண்கள் வாளி வாளியாகப் பிடித்தார்கள்.

மேரி அந்தத் தண்ணீரில்தான் மாப் பிசைந்தாள். ரஷீதா வீட்டில் கூடையை இறக்கியபோது அவள் விரல் நல்ல சிவப்பாகியிருந்தது.

"செவந்துடுச்சே" என்று கையைப் பிடித்துப் பார்த்தாள் ரஷீதா. "அதான் தோத்துட்டியே, இப்பயாவது சொல்லு. யாருக்குப் போட்ட?"

"அது ரகசிய வாக்கு. சொல்லக் கூடாது."

"ஏன்க்கா, நீ நின்னா உனக்குத்தானே போட்டிருப்ப?"

"அதையும் சொல்ல மாட்டன்" என்றாள் மேரி. சொல்லாமல் வைத்துக்கொள்ள அவளுக்கும் இப்போது ஒன்று இருந்தது. "தட்டை நீட்டு, இடியப்பம் ஆறுது."