என் மகள் ஸ்பூனில் ஏறாத 0.318 கிராம்

இன்று காலை என் மகள் படிக்கிற பள்ளியிலிருந்து எனக்கு போன். "உடனே வாங்க."

யாரையாவது அடித்துவிட்டாளோ என்றுதான் முதலில் பயந்தேன். ஆனால் யாழினி கை நீட்டுகிற ரகம் இல்லை. (வாயாலேயே முடித்துவிடுவாள்.)

மாரிகுப்பத்தில் ஏறி பெங்களூர் போகிற என் வழக்கமான ரயிலை விட்டுவிட்டு, ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

குற்றம்: எவர்சில்வர் ஸ்பூனில் செம்பு குறைவாக ஏறியது.

நிஜமாகத்தான்!

செகண்ட் பியூசி, அதாவது பிளஸ் டூ, கெமிஸ்ட்ரி லேபில் எலக்ட்ரோபிளேட்டிங் செய்திருக்கிறார்கள். நீலநிற காப்பர் சல்பேட் தண்ணீரில் ஒரு பக்கம் செம்புத் தகடு, மறுபக்கம் ஸ்பூன். அரை ஆம்பியர் கரண்டை அரை மணி நேரம் விட்டால் ஸ்பூன் மேல் செம்பு படியும். முன்னால் ஒரு எடை, பின்னால் ஒரு எடை, கழித்தால் ஏறிய செம்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

வகுப்பில் எல்லோருக்கும் 0.318 கிராம். யாழினிக்கு மட்டும் 0.241.

கெமிஸ்ட்ரி மிஸ் அவளுடைய ரெக்கார்டு நோட்டை என் பக்கம் தள்ளினார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார்.

"ரீடிங்க மாத்தி எழுதினு வாம்மான்னா மாட்டேன்றா, மேடம். நான் சைன் போடலன்னா பிராக்டிகல் எக்ஸாம்ல உக்கார முடியாது. இன்னிக்குத்தான் லாஸ்ட் டேட். நீங்களே சொல்லுங்க."

"பேடா மிஸ், வேணாம், மாத்த மாட்டேன்," என்றாள் யாழினி. "எனக்கு வந்தது அதான். ஏன் கம்மின்னு கீழ நாலு காரணம் எழுதிக்கீறேன், பாருங்க."

பார்த்தேன். 'சோர்சஸ் ஆஃப் எரர்' என்று தலைப்புப் போட்டு, எஃப்.ஐ.ஆர். மாதிரி எழுதியிருந்தாள்.

மீட்டர் முள் அரை ஆம்பியரில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்ததாம். நடுவில் நாலு நிமிஷம் கரண்ட் போனதாம். தங்கச் சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டி வைத்திருக்கிற சயனைடு மேட்டிலிருந்து தூசி பறந்து (நம்ம ஊர்க் காற்று தெரியும்தானே!) தேய்த்து வைத்த ஸ்பூனில் உட்கார்ந்ததாம், அந்த இடத்தில் செம்பு ஒட்டவில்லையாம். கடைசியாக, ஈர ஸ்பூனைத் துப்பட்டாவில் துடைத்ததில் கொஞ்சம் செம்பு துப்பட்டாவுக்குப் போய்விட்டதாம்.

(போன வாரம் அந்தக் கறைக்காக நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.)

எனக்கு அடுத்த ரயில் ஞாபகம். 'ஒரு நம்பர்தானேடி, எழுதித் தொலையேன்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அதற்குள் மிஸ் பீரோவைத் திறந்து, பிரவுன் அட்டை போட்ட பழைய ரெக்கார்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது நான் இங்க படிக்கசொல்லவே கீது, மேடம். யாரோ சீனியர் எழுதினது. எத்தினி பேட்ச் பாத்துட்டோம், எல்லாருக்கும் பாயின்ட் த்ரீ ஒன் எய்ட்டுதான்!"

"அது எப்டி மிஸ், மூணாவது டெசிமல் கூட மாறல?" என்றாள் யாழினி. "அரை ஆம்பியர், அரை மணி நேரம், கணக்கு போட்டா பாயின்ட் டூ நைன் சிக்ஸ்தான் வரும். மிச்ச செம்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

மிஸ் பழைய ரெக்கார்டைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தார்.

நான் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் 'ஜி' எழுத்தின் வாலை இரண்டு சுற்றுச் சுற்றி எழுதுகிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். அவள் இன்று காலைதான் ஆபீசுக்கு லீவு மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், அதே லேபில், என் ஸ்பூன் தண்ணீரில் இறங்கிப் பத்தாவது நிமிஷம் கரண்ட் போனது. பெல் அடிக்கிற வரை வரவே இல்லை. மறுநாள் ரெக்கார்டு கொடுக்க வேண்டும். சாயந்திரம், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய, இப்போதும் நாங்கள் இருக்கிற பாலகாட் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, நம்புகிற மாதிரி ஒரு நம்பர் யோசித்தேன். கதவுக்கு மேலே மைன்ஸ்காரர்கள் கறுப்புப் பெயின்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

318.

முன்னால் ஒரு சைபரும் புள்ளியும் வைத்தேன். டிஸ்டிங்ஷன் வாங்கினேன். ரெக்கார்டை ஜூனியருக்குக் கொடுத்தேன். விஞ்ஞானத்துக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான்.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வகுப்பிலேயே நிஜத்தை எழுதியவள் என் மகள் ஒருத்திதான். அவளைப் பொய் எழுதச் சொல்லத்தான் என்னை வரவழைத்திருக்கிறார்கள். அந்தப் பொய்யும் என்னுடையது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மிஸ், அந்த ரெக்கார்டு என்னுது."

"அய்ய, நீங்களா அக்கா? இன்னா நீட்டா எழுதிக்கீறீங்க!"

"நீட்டா எழுதினேன், எக்ஸ்பெரிமென்ட்தான் முடிக்கல. அது ரீடிங்கே இல்ல மிஸ், எங்க வூட்டு..."

"டோர் நம்பர்!" யாழினி எழுந்தே நின்றுவிட்டாள். "ம்மா! த்ரீ ஒன் எய்ட்! நம்ம டோர் நம்பரு!"

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மிஸ் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்கு பாயின்ட் டூ சிக்ஸ் வந்துச்சுக்கா," என்றார் மெதுவாக. "இதே லேப்தான். எனக்கு கெமிஸ்ட்ரி வராதுன்னு நெனச்சுகினு பாத்ரூம்ல போய் அழுதேன். அப்புறம் அத அடிச்சுட்டு உங்க நம்பர எழுதினேன்."

"மன்னிச்சுக்கோங்க மிஸ்," என்றேன். வேறு என்ன சொல்வது!

அவர் யாழினியின் நோட்டை வாங்கினார். 0.241க்குப் பக்கத்தில் டிக் போட்டார். ஏதோ எழுதி, சைன் போட்டு மூடினார். பழைய ரெக்கார்டை என் கையில் கொடுத்தார்.

"வூட்டுக்கு எடுத்துனு போங்கக்கா. இங்க வேணாம்."

சாயந்திரம் யாழினி நோட்டைத் திறந்து காட்டினாள். அவள் எழுதிய நாலு காரணங்களுக்குக் கீழே, சிவப்பு மையில், மிஸ் கையெழுத்தில்:

"5. டோர் நம்பர் 318, பாலகாட்."

நம் பள்ளியில் சயன்ஸ் படித்தவர்களே, உங்கள் ரெக்கார்டிலும் 0.318 இருக்கிறதா? திட்டுவதென்றால் நேரிலேயே வாங்க, காபி போடுகிறேன். அட்ரஸ்தான் இத்தனை வருஷமாக உங்களிடமே இருக்கிறதே!