பாடத்தில் இல்லாத புத்தகம்

பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் வாங்கும் பிரிவு என்றால், ஏன் வாங்க முடியாது என்று காரணம் சொல்லும் பிரிவு என்று அர்த்தம். அங்கே குப்பை கொட்டியவர்களுக்கு இது புரியும். ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வந்து நானும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுதியவரே கேட்டபோது

ஒரு பேராசிரியர், தான் எழுதிய புத்தகத்தை நூலகம் வாங்க வேண்டும் என்று வந்தார். ஏற்கெனவே இரண்டு பிரதிகள் அலமாரியில் இருக்கின்றன, யாரும் எடுத்துப்போகவில்லை என்று பணிவாகச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"மூணாவது பிரதி இருந்தா கண்ணுல படும்மா."

வெள்ளக்கடை ரைட்டர்

முருகேசன் வெள்ளக்கடைப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களுக்கு வருகை எழுதுபவர். எங்கள் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் எம்.காம். படித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டதோ சைகை மொழி சொல்லித்தரும் படப்புத்தகம். சொந்தமாக வாங்கக் கட்டுப்படியாகாத விலை. வணிகவியலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"எம்புள்ளைக்குக் காது கேக்காதுங்க. சேலத்துப் பள்ளிக்கூடத்துல சைகை படிக்கிறா. ஊட்டுக்கு வந்து கையில பேசுனா, எங்களுக்குத்தானுங்க ஒண்ணும் புரியறதில்லை."

யார் படிப்பார்கள்?

துறைத்தலைவர் பரிந்துரைக்காமல் எதுவும் வாங்க முடியாது. பாடத்தில் இல்லை என்று வணிகவியல் துறை கைவிரித்துவிட்டது. கல்வியியல் துறைத்தலைவரிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் கடைசி முடிவு எங்கள் நூலகருடையது. கறாரான மனிதர். இதை யார் படிப்பார்கள் என்றார். எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் சார் என்றேன். சொன்ன பிறகுதான், கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அவர் பேனாவைத் திறந்தார்.

"ஒருத்தர் நிச்சயமாப் படிப்பார்னு தெரிஞ்சு நாம வாங்கற மொதப் புத்தகம் இதுதாம்மா."

திருப்பித் தந்த நாள்

புத்தகம் வந்ததும் முருகேசனுக்குத் தகவல் சொன்னேன். எடுத்துப்போனவர் தவணை முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். மழைக்காலம் கழிந்து ஒருநாள் மனைவியோடு வந்து திருப்பித் தந்தார். கசங்காமல் அட்டை போட்டு வைத்திருந்தார்கள். பலன் இருந்ததா என்று கேட்க எனக்குத் தயக்கம். அந்தம்மாவே சிரித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இப்பெல்லாம் எங்ககூட நொம்பச் சண்டை போடறாளுங்க. நேத்து அவங்கப்பாவப் பார்த்து, உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு கையிலயே சொல்லிப்போட்டா."

வாங்கிய புத்தகங்களால் விளைந்த பயன் என்ன என்று ஆண்டறிக்கையில் ஒரு கட்டம் உண்டு. அதில் 'ஒரு வீட்டில் சண்டை' என்று எழுத எனக்குத்தான் துணிச்சல் வரவில்லை.