கணினிக் கடையில் தலையாட்டினேன்

எனக்கு ஒழுங்காக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவைத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே இறந்த என் மகள் அனுப்பிய வீடியோக்கள் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக் கணினியில் இருந்தன. வருஷக்கணக்காக திரையில் அவை இருந்த மஞ்சள் பெட்டிப் படத்தை அழுத்தி அவள் பேசுவதைக் கேட்பேன்.

கணினியை அட்டன் டவுனுக்குக் கொண்டுபோனபோது, பழைய விண்டோஸ் இனிச் சரிவராது, லினக்ஸ் போடலாம் என்றார் கணினிக் கடைக்காரர்.

"பேக்கப் எடுத்துட்டீங்களாம்மா?"

எனக்குப் புரியவில்லை. பின்னால் ஆட்கள் நின்றதால் கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டினேன்.

வீட்டில் திறந்தால் மகளைக் காணோம். மறுநாளே பஸ் ஏறிப் போனேன்.

"பேக்கப்னா வேற எடத்துல ஒரு நகல் எடுத்து வைக்கிறது. எடுத்தாச்சுன்னு நீங்கதானேம்மா தலையாட்டுனீங்க. எல்லாம் அழிஞ்சிருச்சு, இனி எடுக்க ஏலாதுங்க."

அவர் மேல் குற்றமில்லை. இப்போதெல்லாம் மருந்து வாங்கும் இடத்தில்கூட, வெட்கமாக இருந்தாலும், "வெளங்கலைங்க, திருப்பிச் சொல்லுங்க" என்கிறேன்.

லினக்ஸ் என்ற பெயர் சரிதானா, அழிந்ததை உண்மையிலேயே எடுக்க முடியாதா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.