கற்பூரம் அடிக்க மறுத்த பொன்னுரங்கம்

எங்கள் மந்தைவெளி ஆட்டோ ஸ்டாண்டில் பொன்னுரங்கத்துக்கு மட்டும் சாமி கிடையாது. ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவுவான், பொட்டு வைக்கமாட்டான். மீட்டருக்கு மேல் கேட்கவும் மாட்டான், அதில்தான் எங்களுக்கு எரிச்சல். சாமிக்கே பயப்படாதவன் வேறு எதற்குடா பயப்படுவாய் என்று கேட்டால், “உன் மூஞ்சிக்குத்தான் மச்சி” என்பான்.

ஸ்டாண்டில் தகராறு வந்தால் பிள்ளையார் முன்னால் கற்பூரம் ஏற்றுவோம். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து ஒருவன் சொன்னால், அதற்கு மேல் பேச்சில்லை. பொய்ச் சத்தியம் குடும்பத்தைக் கெடுக்கும் என்று எல்லோருக்கும் பயம்.

போன ஆடியில், ஸ்டாண்டு ஓரம் பூ விற்கும் முனியம்மாளைப் பின்னால் வந்த ஓர் ஆட்டோ தட்டி, கால் எலும்பு முறிந்தது. அந்தம்மா வண்டியைப் பார்க்கவில்லை. பார்த்தவன் பொன்னுரங்கம் ஒருவன்தான். எங்கள் ஸ்டாண்டு வெள்ளைத்துரையின் வண்டி என்றான். வெள்ளைத்துரையோ தான் அப்போது அடையாறில் இருந்ததாகச் சாதித்தான். இடித்தது அவன் என்று முடிவானால் வைத்தியம் முழுக்க அவன் பொறுப்பு.

சங்கத் தலைவர் லாரன்ஸ், சர்ச்சுக்குப் போகிறவர்தான், கற்பூரம் ஏற்றினார். வெள்ளைத்துரை படீரென்று அடித்து அணைத்தான். மறுபடி ஏற்றி, பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“பாத்தத எங்க வேணா சொல்றேன். இத அடிக்க மாட்டேன்.”

“நானே ஏத்தறேன், அடிக்கறதுக்கு உனுக்கு இன்னா?” என்றார் லாரன்ஸ்.

“எனுக்கு இது வெறும் கற்பூரம் நைனா. உங்கள நம்ப வெக்க நான் வேஷம் போட்டா, அப்புறம் என் பேச்சுல எது நெசம்?”

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. வெள்ளைத்துரை சொன்னதே நின்றது.

பொன்னுரங்கம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். அடிபட்டவர் வந்து புகார் கொடுக்கட்டும் என்றார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு முனியம்மாள் வீட்டுக்குப் போனான். கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தது அந்தம்மா. ஸ்டாண்டு வாசலில் கடை போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்காரன்மேல் புகார் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

“ஒரு தட்டு தட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். உன் மனசு சுத்தமா கீது. என் காலு?”

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பொன்னுரங்கம் தன் வண்டியில்தான் கூட்டிப்போகிறான். அந்தம்மாவும் ஏறுகிறது, பேசுவதில்லை.

வெள்ளைத்துரை குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தை பிறந்ததும் பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் செய்தான். நாங்கள் எல்லோரும் போய்ச் சாப்பிட்டோம்.

கட்டுப் பிரித்தபோது முனியம்மாளின் கால் கோணியிருந்தது. இப்போதும் வாரம் ஒருநாள் காலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நேற்று அந்தம்மாவை வண்டியில் உட்கார வைத்துவிட்டு, பொன்னுரங்கம் என்னிடம் வந்தான்.

“அடிச்சிருக்கணுமாடா?”

தினமும் பிள்ளையாரைக் கும்பிடுகிறவன் நான். ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

“அங்க இன்னா பேசிக்கினு நிக்கற?” என்றது வண்டிக்குள்ளிருந்து முனியம்மாள். “டாக்டர் பூடுவாரு, வா.”

அவன் போனான்.