பிளாஸ்டிக் முதுகெலும்பு

மனித உடம்பைப் பற்றி நான் முதலில் படித்தது அது எப்படி அடிக்கும் என்பதைத்தான். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில், மறதி நோய்க்காரரின் பகுதியில், எனக்கு வார இறுதி வேலை. குளிக்க வார்க்கப் போனால் பழைய லொறிச் சாரதி ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவார். ஒரு மூதாட்டி தேத்தண்ணியை என் நெஞ்சில் ஊற்றிவிட்டு, அடுத்த நிமிடமே டார்லிங் என்று கன்னத்தைத் தடவுவார். ஒருநாள் தோளில் பல் பதிந்த அடையாளத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, கை கால் பிடித்துவிடுகிற படிப்புக்கு இவ்வளவு கடி வாங்க வேணுமோ என்று கேட்டார்.

அம்மாவின் அகராதியில் ஒஸ்டியோபதி என்றால் அவ்வளவுதான். எலும்பையும் தசையையும் மூட்டையும் கையால் தொட்டுப் பார்த்து, கையாலேயே சரிசெய்கிற வைத்தியம் அது. மெல்பேர்னில் அதைப் படிக்க விண்ணப்பிக்க இருந்தேன். நேர்முகத்தில் மருத்துவ அனுபவம் என்ன என்று கேட்பார்கள். கடி வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு போக முடியாது. ஒரு ஒஸ்டியோபத்தின் பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்திருக்க வேண்டும், அவர் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரவும் வேண்டும்.

பரமட்டாவுக்குக் கிட்ட ஒருவர் கிடைத்தார். வெள்ளைக்காரர், ஒரு காலத்தில் ரக்பி விளையாடியவர், கதவு நிலை நிறைகிற தோள். கிழமையில் ஒரு பின்னேரம் அகதிகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர். அவருக்கு மொழிபெயர்க்க ஆள் தேவை, எனக்கு அனுபவம் தேவை. பேரம் உடனே படிந்துவிட்டது.

நல்ல மனிதர்தான். ஆனால் வேலை செய்யும்போது வாய் திறக்க மாட்டார். திரையை இழுத்து மூடி, ரேடியோவை நிறுத்தி, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, கண்ணையும் மூடச் சொல்வார். பேச்சு இருந்தால் விரலுக்குக் காது கேட்காது என்பது அவருடைய கொள்கை. அந்த அமைதி எனக்கும் பிடித்திருந்தது. முதியோர் இல்லத்துக் கூச்சலுக்குப் பிறகு அது கோயில் போல இருந்தது.

2012 குளிர்காலத்தில் ஒரு அண்ணை வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். இலங்கையிலிருந்து படகில் வந்து, இங்கே அகதிகளை அடைத்துவைக்கிற முகாமில் இருந்து, பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவர். பக்கத்தில் மெரிலேண்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் வேறு சிலரோடு இருந்தார். இரண்டு தோளையும் தூக்க முடியவில்லை. வெளியே காத்திருந்தபோது, தன்னோடு இருந்த ஒருவர் குடித்துவிட்டு யாரோடோ அடிபட்டதையும், பொலிஸ் வந்ததையும், அவரைத் திரும்ப முகாமுக்கே கொண்டுபோனதையும் சொன்னார். அதற்குப் பிறகு தெருவில் பொலிஸ் காரைக் கண்டாலே மற்றப் பக்கத்துக்குக் கடந்துவிடுவாராம். திரும்பவும் கம்பிக்குள் போனால் உயிரோடு இருக்கமாட்டேன் என்று, காலநிலையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார்.

உள்ளே போனதும் திரை மூடியது. ஒஸ்டியோபத் தோள்பட்டை எலும்புக்கு அடியில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு நோயாளி குப்புறப் படுத்து, ஒரு கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைக்க வேண்டும். நான் மொழிபெயர்த்தேன்.

"சேட்டைக் கழட்டிப்போட்டுக் குப்புறப் படுங்கோ அண்ணை. வலது கையைப் பின்னால வையுங்கோ. கண்ணை மூடுங்கோ."

ஒரு கேள்வியும் கேட்காமல் செய்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். வலது கை பின்னால் போனது. யாரும் கேட்காமலே இடது கையும் போய், மணிக்கட்டுக்கு மேல் மணிக்கட்டாகச் சேர்ந்துகொண்டது. முதுகில் நீளநீளமாகத் தழும்புகள். ஒஸ்டியோபத் சிரித்துக்கொண்டே இடது கையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பெருவிரலைத் தோள்பட்டைக்கு அடியில் அழுத்தினார்.

அடுத்து நடந்தது மிக வேகமாக நடந்தது. அண்ணை உருண்டு எழும்பி ஒரே குத்து விட்டார். மூக்கு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரத்தம் வெள்ளை விரிப்பிலும் என் சப்பாத்திலும் கொட்டியது. இரண்டாவது குத்துக்குக் கை ஓங்குமுன் ரக்பிக்காரர் அவரைத் தூக்கித் தரையில் அடித்து, முதுகில் முழங்காலை ஊன்றி, கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார். கதிரை ஒன்று சாய்ந்து உடைந்தது. எண்ணெய்ப் போத்தல் உருண்டது. தரையில் முகம் நசுங்கிக் கிடந்த அண்ணை கத்தவில்லை. மிகப் பணிவாக, தமிழில், திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொல்லுறன் ஐயா. எல்லாம் சொல்லுறன்."

விடுங்கள் என்று நான் ஆங்கிலத்தில் கத்தினேன். அவர் விடவில்லை. அவன் அடங்கட்டும் என்றார். அவருடைய மூக்கிலிருந்து இரத்தம் அண்ணையின் தழும்புகளின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். மூலையில், நோயாளிகளுக்கு விளக்கம் சொல்வதற்காக, பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று ஸ்டாண்டில் தொங்கியது. அதைப் பிடுங்கி, எனக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரவேண்டிய மனிதரின் பிடரியில் என் பலமெல்லாம் சேர்த்து அடித்தேன். இன்னொருமுறையும் அடித்தேன். முள்ளெலும்புகள் கழன்று அறையெங்கும் சிதறின. அவர் கையை விட்டார்.

அண்ணை சுவரோடு ஒடுங்கினார். ஒஸ்டியோபத் ஒரு துவாயை மூக்கில் பொத்திக்கொண்டு போனை எடுத்தார். பொலிஸைக் கூப்பிடப் போகிறார் என்று விளங்கியது. நான் அவருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றேன். கூப்பிடுங்கள், ஆனால் மூக்கை உடைத்ததும் நான்தான் என்று பொலிஸுக்குச் சொல்வேன் என்றேன். நான் சிட்டிசன், என்னை என்ன செய்தாலும் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது, முகாமில் போட முடியாது. மெல்பேர்ன் கனவு சிதறிய முள்ளெலும்புகளோடு தரையில் கிடந்தது. அதைக் குனிந்து பொறுக்குகிற மனநிலையில் நான் இல்லை.

என்ன சொன்னீர்கள் என்று அண்ணை கேட்டார். சொன்னேன். அவர் சுவரைப் பிடித்து எழும்பினார்.

"இல்லைத் தங்கச்சி, நான்தான் அடிச்சனான். அங்க ஊரில பிடிச்சு வச்சு எத்தினை பேர் எனக்கு அடிச்சவங்கள். ஒருத்தனையும் நான் திருப்பி அடிக்கேல்லை. இந்த அடியை என்னட்டயிருந்து நீங்கள் எடுக்காதேங்கோ. டொக்டரிட்டச் சொல்லுங்கோ, மூக்குக்கு மன்னிப்புக் கேக்கிறன். அடிச்சதுக்கு இல்லை."

ஒஸ்டியோபத் துவாய்க்குள்ளிருந்து, என்ன சொல்கிறான் என்றார். மொழிபெயர்க்கத்தானே என்னை வைத்திருந்தார். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அந்தச் சொற்கள் அண்ணையை முகாமுக்கு அனுப்பலாம் என்று எனக்குத் தெரியும், அண்ணைக்கும் தெரியும். பிறகு என் பங்குக்குச் சொன்னேன்: மூடிய அறை, குப்புறப் படு, கையைப் பின்னால் வை, கண்ணை மூடு, பேசாத ஒருவர் பின்னால் நிற்கிறார். நீங்கள் சொன்னீர்கள், நான் தமிழில் சொன்னேன். அவர் எங்கே படுத்திருந்தார் என்று நினைக்கிறீர்கள்?

ஒஸ்டியோபத் கட்டிலைப் பார்த்தார். அண்ணையின் மணிக்கட்டுகளைப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் போட்டார். இரண்டு பேரும் வெளியே போங்கள், இனி வரவேண்டாம் என்றார். போனோம். அவர் எனக்கு ஒன்றும் எழுதித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. அந்த வருடம் நான் விண்ணப்பிக்கவில்லை. அடுத்த வருடம், முதியோர் இல்லத்துத் தாதி எழுதித் தந்ததோடு, கடி வாங்கினேன் என்றே சொல்லிக்கொண்டு மெல்பேர்னுக்குப் போனேன்.

அன்றைக்கு அண்ணையை என் காரில் மெரிலேண்ட்ஸுக்குக் கொண்டுபோனேன். ஒரு சிவப்பு லைட்டில் நின்றபோதுதான் அவர் வலது கையைக் கவனித்தேன். மடியில் பேக்கரிப் பணிஸ் போல வீங்கிக் கிடந்தது. பார்க்கட்டுமா என்று கேட்டேன். தந்தார். சுண்டு விரலுக்கு நேர் கீழே இருக்க வேண்டிய கணுவைக் காணவில்லை, உள்ளே அமிழ்ந்திருந்தது. மெதுவாகத் தொட்டதற்கே பல்லைக் கடித்தார். நானாகவே கண்டுபிடித்த முதல் முறிவு அது.

"முறிஞ்சிருக்கு அண்ணை. ஹொஸ்பிட்டலுக்குப் போய்க் கட்டுவம். நோவுக்கும் மருந்து தருவினம்."

அவர் அந்தக் கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவருடைய முகத்தில் ஏதோ தளர்ந்தது.

"கட்டுவம். மருந்து வேண்டாம், நோகட்டும் தங்கச்சி. உடம்பில கிடக்கிற மற்ற நோவெல்லாம் அவங்கள் தந்தது. இது ஒண்டுதான் என்ர."